உறுதி தொலைந்தால் பிரதி எடுப்பதா, புது உறுதி எழுதுவதா?

மண்சரிவுக்குப் பிறகு பெரியம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம். வீட்டுக் காணியின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கூழாகிக் கிடந்தது. கடைசித் தாளில் காணிப் பதிவகத்தின் ஊதா முத்திரை மட்டும் பாதி தெரிந்தது. "வீடு போச்சு தம்பி" என்று அழுதார். வீடு போகவில்லை, கடதாசிதான் போனது என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

இலங்கையில் நொத்தாரிசு, அதாவது உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர், உறுதி முடிக்கும்போது மூன்று பிரதி வரும். ஒன்று நம் கைக்கு, ஒன்று அவருடைய கோப்புக்கு, இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. நம் கையில் இருந்தது அழிந்தாலும் மற்ற இரண்டும் இருக்கின்றன. அதனால் நான் முதலில் சொல்வது பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுப்பதைத்தான். கட்டணம் குறைவு, சட்டப் பெறுமதியும் உண்டு. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் இந்த மூன்றும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால்தான் அலைச்சல். அப்படியானால் கடன் வாங்கிய வங்கியின் கோப்பைக் கேளுங்கள், உங்களுக்குக் காணி விற்றவரின் உறுதியைத் தேடுங்கள், வரைபடம் போட்ட நில அளவையாளரிடம் போங்கள். பெரியம்மாவுக்கு உதவியது, பழைய கடனுக்காக எடுத்த ஒரு போட்டோக் கொப்பி.

நொத்தாரிசின் கோப்பிலிருந்து பிரதி வாங்குவது இரண்டாவது வழி. அவர் பக்கத்து டவுனில் இருந்தால் இது பதிவகத்தைவிட வேகமாக முடியும். தொழிலை விட்டிருந்தால் அல்லது காலமாகியிருந்தால் அவருடைய கோப்புகளும் பதிவகத்துக்கே போயிருக்க வேண்டும், ஆகவே சுற்றி வந்து அங்கேதான் நிற்போம்.

மூன்றாவது வழியைத்தான் பலரும் முதலில் சொல்கிறார்கள். 'டிக்ளரேஷன் எழுதிவிடலாம்' என்பார்கள். அதாவது இந்தக் காணி எனக்குச் சொந்தம் என்று நாமே நொத்தாரிசு முன் பிரகடன உறுதி எழுதுவது. தொலைந்த உறுதிக்கு மாற்றாக இதை எழுதுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிரதியைவிடச் செலவு பல மடங்கு. தவிர, நாமே நமக்குச் சொல்லிக்கொள்வது உரிமையை உண்டாக்காது. உறுதியே இல்லாமல் தனியார் காணியைப் பத்து வருடத்துக்கு மேல் தடையில்லாமல் ஆண்டவர்களுக்கு இதில் ஓரளவு அர்த்தம் உண்டு, அதற்கும் கடைசியில் நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அரச காணிக்கு அந்த ஆட்சியுரிமை செல்லாது. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை அரசுக்குச் சொந்தம், கம்பனிகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு எவராவது டிக்ளரேஷன் எழுதித் தருகிறேன் என்றால், தயவுசெய்து காசைக் கொடுக்காதீர்கள்.

தொலைந்தது உறுதி அல்ல, அரச காணிக்குப் பிரதேச செயலகம் கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் என்றால் அது வேறு பாதை. பொலிஸில் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், சத்தியக் கடதாசி ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அளிப்புப் பத்திரம் பதிவானதாக இருந்தால் பதிவகத்திலும் கிடைக்கும். தோட்டத்தில் வீட்டுக்காக 7 பேர்ச் காணிக்கு உறுதி வாங்கியவர்கள், அது உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பதிவாகாவிட்டால் கொடுத்த அலுவலகத்தின் கோப்புத்தான் ஆதாரம்.

எந்த வழியானாலும் பதிவேட்டின் விபரச்சாற்றை, நம்மவர்கள் எக்ஸ்ட்ராக்ட் என்பார்களே, அதையும் சேர்த்து எடுங்கள். அதில் அந்தக் காணி மீது பதிவான விற்பனை, ஈடு (அடமானம்) எல்லாம் வரிசையாக இருக்கும். உறுதி வெள்ளத்தில் போகாமல் யாரோ ஒருவர் கையில் சிக்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பொலிஸ் முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் காணி மீது யாராவது எதையும் பதிய வந்தால் நமக்குத் தெரியவர, பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தல் (கேவியட்) பதியவும் முடியும், ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சில வங்கிகள் பிரதியைப் பார்த்து முகம் சுளிக்கும். அப்போது முறைப்பாட்டின் பிரதி, சத்தியக் கடதாசி, விபரச்சாறு மூன்றையும் சேர்த்து வைத்துப் பேசலாம். பெரியம்மா இப்போது பிரதியைப் பொலித்தீன் உறையில் போட்டு, உறுதி இலக்கத்தைச் சாமிப் படத்தின் பின்பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறார்.