ஒரே டேப் விசைக்கு நான்கு பட்டா: நியோவிம் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வடபழஞ்சி எல்காட் வளாகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணே, விஎஸ் கோடை விட்டுட்டு நியோவிம்முக்கு வந்துரலாமா? நீங்க ரொம்ப வருசமா அதுலயே இருக்கீங்களே" என்று கேட்டிருந்தார். இரண்டுமே நிரல் எழுதும் எடிட்டர்கள்; நியோவிம், விம் என்ற பழைய எடிட்டரின் வாரிசு. வாட்ஸாப்பில் இரண்டு வரியில் சொல்லிவிட முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன். இன்செர்ட் மோடு (எழுத்து தட்டும் நிலை), நார்மல் மோடு (கட்டளை நிலை), லுவா மொழியில் எழுதும் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) ஆகியவை தெரிந்தவர்களுக்கான பதிவு இது. நியோவிம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, எவ்வளவு குறைவாக நினைவகத்தைத் தின்கிறது என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுத வந்தது டேப் விசையைப் பற்றி.

கீழமாசி வீதி மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. பைத்தான் கோப்பில் ஜிஎஸ்டி கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்றை ஸ்னிப்பெட் (நிரப்ப வேண்டிய கட்டங்களோடு வரும் தயார் வார்ப்பு) மூலம் விரித்து, பெயரையும் பாராமீட்டர்களையும் நிரப்பிவிட்டு, நார்மல் மோடுக்குப் போய், ஐம்பது அறுபது வரி கீழே வேறொரு வேலையைத் தொடங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரியை உள்தள்ளுவதற்காக டேப்பை அழுத்தினால், நான்கு இடைவெளி விழுவதற்குப் பதிலாக, எப்போதோ முடித்துவிட்டு வந்த அந்த ஸ்னிப்பெட்டின் அடுத்த கட்டத்துக்குக் கர்சர் தாவிவிடும். கை தட்டிக்கொண்டே போகும்; கண் கவனிப்பதற்குள் நாலைந்து எழுத்துகள் ஜிஎஸ்டி விகிதத்துக்கு நடுவில் போய் விழுந்திருக்கும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. வரவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் சம்பந்தப்பட்ட எந்த ப்ளகினின் (எடிட்டரில் சேர்க்கும் துணை மென்பொருளின்) கணக்கிலும் தவறு எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது.

ஆட்டோகம்ப்ளீஷன் ப்ளகின், பரிந்துரைப் பட்டியலில் கீழே இறங்குவதற்கு டேப்பைக் கேட்கிறது. ஸ்னிப்பெட் ப்ளகின், அடுத்த கட்டத்துக்குத் தாவ அதே டேப்பைக் கேட்கிறது. மூடும் அடைப்புக்குறியைத் தாண்டி வெளியே வர உதவும் ப்ளகினுக்கும் டேப்தான் வேண்டும். இவை போதாதென்று, 2025 மார்ச்சில் வந்த 0.11 பதிப்பில் நியோவிம்மே தன் சொந்த ஸ்னிப்பெட் வசதிக்காக டேப்புக்கு ஒரு வேலையை இயல்பாகவே ஒதுக்கிவிட்டது. ஆக, ஒரு விசைக்கு நான்கு உரிமையாளர்கள். ஒவ்வொரு ப்ளகினின் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பிலும், இதை அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள் என்று ஒரு மாதிரி கான்ஃபிக் இருக்கும். பக்கத்து ப்ளகினும் இதே விசையைக் கேட்கும் என்ற எச்சரிக்கையை மட்டும் எதிலும் காண்பது அரிது.

இதில் யார் ஜெயிப்பது என்பதற்கு நியோவிம்மில் தெளிவான விதி இருக்கிறது: கடைசியாக எழுதப்பட்ட மேப்பிங்தான் (விசைக்கு வேலை ஒதுக்கும் வரி) நிற்கும், ஆனால் ஒரு பஃபருக்கு (திறந்திருக்கும் ஒரு கோப்புக்கு) மட்டும் என்று எழுதப்பட்ட மேப்பிங் இருந்தால், எப்போது எழுதப்பட்டிருந்தாலும் பொதுவான மேப்பிங்கை அது தள்ளிவிடும். விதி தெளிவுதான், ஆனால் ப்ளகின்களை லேஸி டாட் என்விம் என்ற ப்ளகின் மேலாளர் மூலம் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுகிறோம் என்பதால், 'கடைசி' என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. இன்செர்ட் மோடுக்குள் நுழையும்போது ஏறும் ப்ளகினும், பைத்தான் கோப்பைத் திறக்கும்போது ஏறும் ப்ளகினும், நான் எதை முதலில் செய்கிறேன் என்பதைப் பொறுத்து வரிசை மாறி ஏறும். காலையில் ஒழுங்காக இருந்த டேப் மாலையில் கோளாறு செய்வதும், பைத்தானில் வரும் பிரச்சினை ஜாவாஸ்கிரிப்ட்டில் வராமல் போவதும் இதனால்தான். இந்தக் காரணம் பிடிபடும் வரை கீபோர்டைக் கூடச் சந்தேகப்படத் தோன்றும்.

கோபம் ஒருபுறம் இருக்க, இதைக் கண்டுபிடிக்க நியோவிம் தரும் கருவியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கோலன் போட்டு 'வெர்போஸ் ஐமேப்' என்று எழுதி டேப்பைச் சேர்த்து என்டர் தட்டினால், இன்செர்ட் மோடில் டேப் இப்போது யார் கையில் இருக்கிறது, அதை எந்தக் கோப்பின் எந்த வரி எழுதியது என்று வந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது போன்ற வேலை இது. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. லுவாவில் எழுதிய மேப்பிங் என்றால், பல சமயம் 'லுவாவிலிருந்து' என்று மட்டும் சொல்லி, விவரம் வேண்டுமானால் எடிட்டரை மைனஸ், பெரிய எழுத்து வி, ஒன்று என்ற தேர்வோடு மறுபடி திறக்கச் சொல்லும். அப்படித் திறந்து, அதே கோப்பில் அதே வரிசையில் வேலை செய்துவிட்டுக் கேட்டால், கோப்பின் பெயரும் வரி எண்ணும் கைக்கு வந்துவிடும். நான் பார்த்த வேறு எந்த எடிட்டரும் தன் உள்விவகாரத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை.

கோளாறு வந்தால் ப்ளகின்களில் பாதியை நிறுத்திப் பார், பிறகு மீதியில் பாதியை நிறுத்திப் பார் என்று எல்லோரும் சொல்லும் வழியும் நல்லதே. முப்பத்திரண்டு ப்ளகின் இருந்தாலும் ஐந்தே சுற்றில் குற்றவாளி அகப்பட்டுவிடும், குற்றவாளி ஒன்றாக இருக்கும் வரை. டேப் விவகாரத்தில் இரண்டு ப்ளகின்கள் சேர்ந்திருந்தால்தான் கோளாறே வரும். ஒன்று இந்தப் பாதியிலும் மற்றொன்று அந்தப் பாதியிலும் விழுந்துவிட்டால், எந்தப் பாதியை நிறுத்தினாலும் எல்லாம் சரியாக வேலை செய்து நம்மை ஏமாற்றும். விசை சம்பந்தப்பட்ட புகார்களுக்குப் பாதி பாதியாக நிறுத்திப் பார்ப்பதில் நேரம் போக்காமல், நேராக வெர்போஸுக்குப் போய்விடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடிட்டரின் நிலையைச் சோதிக்கும் 'செக்ஹெல்த்' கட்டளை நல்லது, ஆனால் தேவையில்லாதவற்றுக்கும் மஞ்சள் எச்சரிக்கை காட்டும். ப்ளகின்களின் பதிப்புகளைக் குறித்துவைத்து லேஸி உருவாக்கும் லாக் கோப்பை கிட் என்ற பதிப்புக் காப்பகத்தில் சேர்த்து வைப்பது கட்டாயம். எது உடைந்தாலும் 'லேஸி ரீஸ்டோர்' பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். எங்கள் திருநகர் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கும் நாளில், லேப்டாப் பேட்டரியையும் மொபைல் ஹாட்ஸ்பாட்டையும் நம்பி உட்கார்ந்திருக்கும்போது ப்ளகின்களை அப்டேட் செய்யாதீர்கள். மேசன் என்ற நிறுவும் ப்ளகின் மூலம் இறங்கும் லாங்குவேஜ் சர்வர்கள் (நிரலில் பிழை பார்த்துச் சொல்லும் துணை நிரல்கள்) டேட்டாவை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

லாக் கோப்பு காப்பாற்றாத இடமும் உண்டு. அது ப்ளகின்களைத்தான் பூட்டுகிறதே தவிர, நியோவிம்மைப் பூட்டுவதில்லை. 0.11க்கு மாறியவுடன், பிழை உள்ள வரியின் ஓரத்திலேயே காட்டப்பட்டுவந்த விளக்கம் இயல்பாக வராமல் போயிற்று; அதை கான்ஃபிக்கில் நாமே கேட்டு வாங்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். இடது ஓரக் குறியைக் கவனிக்காதவர்கள், நம் நிரல் இன்று இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோயிருப்பார்கள். அதற்கு முன்பே 2023இல் பேக்கர், நல்-எல்எஸ் என்ற ப்ளகின்கள் இரண்டும் பராமரிப்பின்றி நிறுத்தப்பட்டன. 2024இல் டைப்ஸ்கிரிப்ட் சர்வருக்கு லாங்குவேஜ் சர்வர் கான்ஃபிக்கில் இருந்த பெயரே மாறியது. காரணமில்லாமல் எதையும் மாற்றவில்லை, சம்பளமின்றி எழுதித் தருபவர்களிடம் கணக்குக் கேட்கவும் முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் கடைக்காரர் பில் அடிக்க முடியவில்லை என்று போன் செய்யும் நேரத்தில் இந்த நியாயமெல்லாம் மனதில் ஏறுவதில்லை.

இத்தனை பாராட்டுக்குப் பிறகும் தம்பிக்கு என் பதில், வர வேண்டாம் என்பதுதான். வேலைக்குச் சேர்ந்து பழகும் காலத்தில் எடிட்டரைப் பழுதுபார்ப்பது ஒரு தனி உத்தியோகமாகிவிடும். நான் விஎஸ் கோடுக்கு மாறப்போகிறேனா என்று கேட்டால், அதுவும் இல்லை; விரல்கள் விம்முக்குப் பழகிவிட்டன, அதோடு வில்லங்கச் சான்று கொடுக்காத வீட்டில் இனி எனக்குத் தூக்கம் வராது.

சொல்லியும் கேட்காமல் வருவதாக இருந்தால், முதல் நாளிலேயே டேப்பை எல்லோரிடமிருந்தும் பறித்துவிடுங்கள். பரிந்துரைப் பட்டியலுக்கு விம்மில் ஆதிகாலம் தொட்டு இருக்கும் கன்ட்ரோல் என், கன்ட்ரோல் ஒய் போதும். ஸ்னிப்பெட் தாவலுக்கு கன்ட்ரோல் எல்லைக் கொடுத்துவிட்டேன். நியோவிம் தானாக வைத்திருக்கும் மேப்பிங்கை ஒரே வரியில் கீமேப் டெல் மூலம் நீக்கிவிடலாம். என்னிடம் இப்போது டேப் என்றால் உள்தள்ளல் மட்டுமே, மார்க்டவுன் (எளிய குறியீட்டு உரை) கோப்புகளைத் தவிர. அங்கே பட்டியல் எழுத உதவும் ப்ளகின் ஒன்று பஃபர் அளவில் டேப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. அது வரிசை எண்களைத் தானாகத் திருத்தித் தரும் அழகுக்காக அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.