மாஜுலி: ராஸுக்குப் போகலாமா, லிகாங்குக்குப் போகலாமா?

அசாமில் பிரம்மபுத்திரா நடுவே இருக்கும் மாஜுலித் தீவுக்கு, ராஸ், அலி ஆயே லிகாங் என்ற இரண்டு திருவிழாக்களில் எதற்குப் போவது என்று குழம்புகிறவர்களுக்கு என் கணக்கு இது.

என்ன பார்க்கலாம்?
ராஸ்: வடநாட்டுக் கணக்கில் வரும் கார்த்திக் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் நவம்பரில், சத்திரங்கள் என்ற வைணவ மடங்களில் விடிய விடிய கிருஷ்ணலீலை நாடகம். சாமகுரி சத்திரத்து முகமூடிகளைக் கட்டாயம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுக் கூடு, அதன்மேல் களிமண்ணில் நனைத்த துணி, சாணம் கலந்த பூச்சு, அப்புறம் வண்ணம். சிலவற்றில் தாடைகூட அசையும்.
அலி ஆயே லிகாங்: பிப்ரவரி நடுவில், அசாமிய பாகுன் மாதத்து முதல் புதன்கிழமை, மிசிங் பழங்குடிகளின் விதைப்புத் திருநாள். கும்ராக் நடனம், அரிசிக் கள்ளான அபோங், கால்நட்ட வீடுகளின் அடியில் தறிகள்.

தங்க இடம்?
ராஸ்: கூட்டம் நெரியும், முன்பதிவு இல்லாமல் போகவே வேண்டாம்.
லிகாங்: கூட்டம் குறைவு, மிசிங் வீடுகளிலேயே தங்கலாம்.

படகு?
இரண்டுக்கும் ஜோர்ஹாட் பக்கம் நிமாதி படித்துறைதான். அங்கே சீக்கிரமே இருட்டிவிடும், மாலைப் படகை நம்பாமல் காலையிலேயே ஏறிவிடுங்கள்.

நாடகம், சத்திரங்களில் வளர்ந்த சத்ரியா நடனம், பக்தி என்று மனம் போகிறவர்களுக்கு ராஸ்தான் சரி. ஊர் மக்களோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் லிகாங். முதல் தடவை போகிறவர்களை நான் ராஸுக்குத்தான் அனுப்புவேன், ஆனால் குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள்.