ஹெட்போனா, இசைச் சிகிச்சையாளரா?

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறும் நேரத்தில் ஹெட்போனில் பிடித்த பாட்டைக் கேட்பது ஒரு வழி. பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து கிடாரோ கீபோர்டோ வாசித்து, நோயாளியையும் பாடவோ தாளம் தட்டவோ வைப்பது இன்னொரு வழி. இரண்டையும் ‘மியூசிக் தெரபி’ என்றே சொல்லிவிடுகிறோம்.

சிகிச்சையாளர் முதலில் மூச்சைக் கவனிப்பார். அது வேகமாக இருந்தால் அதே வேகத்தில் வாசிக்கத் தொடங்கி, மெல்ல மெல்லக் குறைப்பார். மூச்சும் கூடவே தணியும். அழுகை வந்தால் நிறுத்திவிட்டுப் பேசுவார். ஃபோனுக்கு இதெல்லாம் தெரியாது. பழைய நினைவைக் கிளறி ஒரு பாட்டு மனத்தை உடைத்தாலும், ஃபோன் கண்டுகொள்ளாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 31 புற்றுநோயாளிகள் இரண்டையும் அனுபவித்துப் பார்த்தார்கள். பதற்றமும் வலியும் இரண்டிலுமே குறைந்தன. ஆனாலும் முக்கால்வாசிப் பேருக்குச் சிகிச்சையாளரோடு இருந்ததே பிடித்திருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. நோய்ப் படுக்கையில் ஆள்துணை பெரிய விஷயம்.

சரி, ஹெட்போன் குறைந்ததா? இல்லவே இல்லை. செலவு கிடையாது, தூக்கம் வராத நடுராத்திரியிலும் கைக்கு எட்டும். பாடக் கூச்சப்படுகிறவர்களுக்கும், யாரோடும் பேசத் தெம்பில்லாத நாட்களுக்கும் அதுதான் பொருத்தம். பாட்டை மட்டும் நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். ‘அமைதியான இசை’ என்று நாமாக எதையாவது போட வேண்டாம். அப்புறம், எந்த வழியானாலும் வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது.