இரண்டாம் வரிசை, யன்னல் பக்கம்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் பிள்ளையை ஆறாம் தரத்துக்கு எங்கே சேர்ப்பது என்று அலையும் தாய் தகப்பனுக்காக இதை எழுதுகிறேன். என் சின்னவன் நாலு வருடமாகப் படிக்கும் கத்தோலிக்கப் பாடசாலையைப் பற்றியது. குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்துச் சனம் ஊகித்துக்கொள்ளும். ஊகித்தால் உங்களோடு வைத்திருங்கள்.

நான் தையல்காரி. மகனுக்கு இரண்டு காதும் குறைவு. மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அது போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி போட்டிருக்கிறான். கருவி போட்டால் எல்லாம் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சத்தம் கேட்கும், சொல் பாதிதான் விளங்கும். மீதியை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறான். தமிழில் அது லேசான வேலை இல்லை. ‘படம்’ என்றாலும் ‘மடம்’ என்றாலும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். பணமும் மணமும் அப்படியே. கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

முதலில் வேறொரு பாடசாலைக்குத்தான் போனோம். அங்கே தேநீர் தந்து, மரியாதையாகக் கதைத்து, “கைதடி நஃபீல்டுக்குக் கொண்டுபோங்கோ அம்மா, பிள்ளைக்கு அதுதான் நல்லது” என்று அனுப்பிவிட்டார்கள். அது யாழ்ப்பாணத்தில் காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பாடசாலை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. சைகை மொழி தேவைப்படும் பிள்ளைக்கு அது பெரிய கொடை. ஆனால் என் மகன் பேசுகிறான், வாசிக்கிறான், இரவில் அம்மம்மாவின் பக்கத்தில்தான் படுப்பான். தேநீர் மட்டும் நல்ல தேநீர்.

கத்தோலிக்கப் பாடசாலை என்றதும் காசு கேட்பார்கள் என்று மாமியார் பயந்தார். 1960களின் தொடக்கத்தில் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பெடுத்தது. இதுவும் அப்படி வந்ததுதான். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருவது. அதிபராக ஒரு சிஸ்டர் இருக்கிறார், வளவுக்குள் மாதா கெபி இருக்கிறது, பழைய பழக்கங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தச் சிஸ்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகனைப் பார்த்து, மெதுவாக, “நீர் எங்கே இருந்தால் உமக்கு வசதி?” என்று கேட்டார். “முன்னுக்கு” என்றான். ஒரு கிழமை முதல் வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். பின்னாலிருந்து வேறு பிள்ளை பதில் சொன்னால் இவனுக்கு யார் கதைக்கிறார் என்றே தெரியவில்லை, தலை திரும்புவதற்குள் பதில் முடிந்துவிடும். வகுப்பாசிரியை அதைக் கவனித்து இரண்டாம் வரிசைக்கு, யன்னல் பக்கம் மாற்றினார். அங்கே இருந்தால் ஆசிரியரின் முகத்தில் வெளிச்சம் விழுகிறது, வகுப்பில் பாதி முகங்களும் தெரிகின்றன. காது வைத்தியர்கூட எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. கணித ஆசிரியருக்கு அடர்ந்த மீசை. இரண்டாம் தவணைக்கு அவர் மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

வகுப்பிலே பாதிக்கு மேல் கத்தோலிக்கப் பிள்ளைகள். எங்களைப் போன்ற சைவக் குடும்பங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருந்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. சமயபாடத்துக்கு வகுப்பு மூன்றாகப் பிரிந்து போகும். மணி அடித்ததும் திரும்பச் சேரும். சைவநெறி படிப்பிக்கத் தனி ஆசிரியை இருக்கிறார். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போய்க் கண்விழித்து வந்த பிள்ளை மறுநாள் மேசையில் தூங்கினால் எழுப்புவதில்லை. மடு மாதா கோயில் திருவிழா என்றால் வகுப்பே பாதிதான் இருக்கும், அதையும் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

இனி மழை. ஏழாம் தரம் இருந்தது பழைய தகரக் கூரைக் கட்டடத்தில். கார்த்திகை மழை தகரத்தில் விழத் தொடங்கினால் ஆசிரியர் கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. அன்று வரலாற்றுப் பாடம். பிள்ளைகள் “கேக்கேல்லை ரீச்சர்” என்று சத்தம் போட, இவன் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். கூரை அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன, அவன் வழக்கம்போல் உதட்டைத்தானே பார்க்கிறான். பக்கத்தில் இருந்தவன் கொப்பியை எட்டிப் பார்த்தான், பிறகு பின் வரிசை பார்த்தது. அரை மணித்தியாலம் வகுப்பு முழுக்க இவனுடைய கொப்பியைப் பார்த்து எழுதியது. அன்று வீட்டுக்கு வந்து மூன்று தடவை எனக்குச் சொன்னான். நான்காம் தடவை அம்மம்மாவுக்கு.

ஆனால் எட்டாம் தரத்தில் ‘செவிடன்’ என்ற பட்டம் வந்தது. கருவியை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை, போகமாட்டேன் என்று படுத்துவிட்டான். நானும் அடித்தேன், அதை ஏன் மறைக்க. அசையவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு பையன் சைக்கிளில் வந்து நான்கு கொப்பிகளைத் தந்துவிட்டுப் போனான். அன்றைய பாடங்கள், மேலே வகுப்பாசிரியையின் கையெழுத்தில் ‘நாளைக்குப் பக்கம் 64’. அடுத்த நாளும் வந்தான், அதற்கடுத்த நாளும். பள்ளி நாள் கணக்கில் பதினொரு நாள். பட்டம் வைத்தவர்களில் அவனும் ஒருவன் என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்தரை கிலோமீற்றர் மிதித்து வருகிறவனுக்கு முதல் நாள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை நான். கடைசியில் இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து கொப்பி பார்த்து எழுதினார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரே சைக்கிளில் போனார்கள். இடையில் வீட்டுக்கு வந்து புத்தி சொன்ன ஆசிரியர் ஒருவரும் இல்லை. இப்போது யோசித்தால் அதுவும் நல்லதுக்குத்தான்.

கணிதப் புள்ளியையும் சொல்லிவிடுகிறேன்: 17, 23, 22, 38, கடைசித் தவணை 46. அதிசயம் எதிர்பார்க்கிறவர்கள் வேறு இடம் பாருங்கள்.

சரி, குறைகள். காலைக்கூட்டத்தில் அறிவித்தல் எல்லாம் ஒலிபெருக்கியில்தான், பலகையில் எழுதிப் போடுங்கோ என்று நாலு வருடமாகக் கேட்கிறேன். விஞ்ஞானத்துக்கு இரண்டு தவணை ஆசிரியர் இல்லை. பரிசளிப்பு விழாவில் முதல் மூன்று இடத்துக்குத்தான் பரிசு. 17இல் இருந்து 46க்கு வந்தவனுக்குக் கைதட்டக்கூட இடமில்லை. வாசலில் வளைவு கட்டக் காசு சேர்த்தார்கள். மலசலகூடத்துக்குச் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை இன்னும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இந்த நல்ல பழக்கம் ஒன்றும் எழுத்தில் இல்லை. வருட ஆரம்பத்தில் வகுப்பாசிரியைக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துகிறார். கெட்டவர் இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திரும்ப முதலிலிருந்து நான் போய் உதடு, வெளிச்சம், வரிசை என்று பாடம் எடுத்தேன். சிஸ்டருக்கும் ஒரு நாள் மாற்றம் வரும். ஒரு தாளில் எழுதி அலுவலக அலுமாரியில் வைத்தால் என்ன?

ஐந்துக்கு மூன்றரை தருவேன். எழுத்தில் வைத்தால் நாலு.

சேர்க்கப் போகிறவர்கள் மருத்துவ அறிக்கையை இப்போதே ஒழுங்காக எடுத்து வைத்திருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரம் கேட்கவும் அது வேண்டும். கருவிக்குச் செம்மஞ்சள் ஒட்டுப் போட்ட 13ஆம் இலக்கப் பற்றரி என்றால் ஒரு மட்டையை வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். அப்புறம், அதிபரைப் பார்ப்பதென்றால் ஏழரைக்கு முன்னால் போய்விடுங்கள். மணி அடித்ததும் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். என்னையே இரண்டு தடவை வெளியில் நிற்பாட்டியிருக்கிறார்கள்.