டம்மி முயலும் ஃபெசன்ட் லூரும்: ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகு

போன செப்டம்பரில் ஒரு கிராமத்துச் சந்தையில், தோல் தைக்கிற பெரியவர் ஒருவரிடம் இந்த இரண்டையும் வாங்கினேன். ஒன்று கயிறு கட்டி இழுக்கிற டம்மி முயல். மற்றது ஃபெசன்ட் கோழியின் இறக்கைகள் வைத்துத் தைத்த, மேலே வீசுகிற லூர். இரண்டுமே வேட்டைப் பருந்தைப் பழக்குகிற போலி இரைகள். இரண்டும் சேர்த்து 70 பவுண்டு. பிப்ரவரி 1-ஆம் தேதியோடு இங்கே ஃபெசன்ட் வேட்டைப் பருவம் முடிந்துவிட்டது. பருந்து வைத்திருக்கிற, வைத்துக்கொள்ள நினைக்கிற தமிழர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்ததால் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கு ஓரத்தில், நார்தம்பர்லாந்தில். என்னுடைய ஹாரிஸ் பருந்துக்கு நான்கு வயது. பெட்டை, பெயர் கருப்பி. உடம்பு கரும்பழுப்பு, தோளிலும் தொடையிலும் செங்கல் நிறம், வால் நுனியில் வெள்ளைப் பட்டை. வேட்டைக்குக் கிளம்பும் நாளில் தராசில் 940 கிராம் காட்டவேண்டும். 970 ஆகிவிட்டால் பசி இல்லாமல் மரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை வேடிக்கை பார்ப்பாள்.

வேட்டைக்கு எனக்கு இரண்டு இடங்களில் அனுமதி உண்டு. அதில் ஒன்றில் மிக்ஸோமடோசிஸ் நோய் புகுந்து முயலே இல்லாமல் போய்விட்டது. 1953-ல் பிரிட்டனுக்குள் வந்த நோய், இன்னும் விட்டபாடில்லை. அந்த நிலத்தில் மிஞ்சியிருப்பது ஃபெசன்ட் மட்டும்தான். கருப்பியோ மூன்று பருவமாக முயலைத் தவிர வேறு எதையும் தொட்டவள் இல்லை. ஃபெசன்ட் படபடவென்று காலடியில் எழும்பிப் பறந்தாலும், கையுறை மேல் உட்கார்ந்தபடி தலையைத் திருப்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். பறக்கத் தெரியாமல் இல்லை, பலமும் இருக்கிறது. அது தனக்கான இரை என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரியவைக்கத்தான் இந்த லூர்.

முதலில் முயலைப் பற்றி. சணல் துணிக்குள் மணலும் மரத்தூளும் கலந்து அடைத்து, மேலே பதப்படுத்திய முயல் தோலைப் போர்த்தித் தைத்திருக்கிறார். 800 கிராம் இருக்கிறது. இந்த எடை ரொம்ப முக்கியம். கடையில் கிடைக்கிற லேசான டம்மிகளைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் புத்தி ஒருமுறை வந்துவிட்டால், பிடித்த இரையையும் உங்களிடமிருந்து தூக்கிக்கொண்டு ஓடும். இதை அவளால் அமுக்கிப் பிடிக்க முடிகிறது, தூக்க முடியவில்லை. 30 மீட்டர் கயிறும், அதைச் சுற்றுவதற்கு மரத்தில் கைப்பிடியோடு ஒரு சுருளும் கொடுக்கிறார். இரண்டு டென்ட் முளைகளை அடித்து அவற்றைச் சுற்றிக் கயிற்றை விட்டால், டம்மி நேராக வராமல் வளைந்து வளைந்து புதருக்குள் ஓடும், உண்மை முயல் மாதிரியே.

இறைச்சி கட்டத்தான் தலைப்பக்கம் ஒரு வாரும் பின்பக்கம் ஒரு வாரும் வைத்திருக்கிறார். பின்பக்க வாரை வாங்கிய அன்றே அறுத்துப் போட்டேன். அங்கே இறைச்சி கட்டினால் பருந்து பின்னங்காலைப் பிடிக்கப் பழகும். முயலின் பலமெல்லாம் அந்தப் பின்னங்கால்களில்தான். ஓர் உதை போதும், நழுவிவிடும். கருப்பிக்கு ஏற்கெனவே அந்தக் கெட்ட பழக்கம் இருந்தது. மூன்று வாரம் தலையில் மட்டுமே காடைக் கால் கட்டி இழுத்தேன். அக்டோபரில் பிடித்த முயல்களை எல்லாம் ஒரு காலால் தலையையும் மறுகாலால் தோளையும் சேர்த்து அழுத்தித்தான் பிடித்தாள். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

அடுத்தது ஃபெசன்ட் லூர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தோல் பட்டை, இரண்டு பக்கமும் உலர்ந்த சேவல் இறக்கை, நடுவில் இறைச்சி கட்ட நூல். தைத்த விதத்தில் ஒரு குறை உண்டு. நவம்பர் மழையில் இரண்டு முறை நனைந்ததும் ஒரு பக்க இறக்கை அடியோடு கழன்று வந்துவிட்டது. மெழுகு நூல் போட்டு நானே திரும்பத் தைத்தேன், அப்புறம் தொல்லை இல்லை. இந்த விலைக்கு அந்த வேலையை அவரே செய்து கொடுத்திருக்க வேண்டும்.

பழக்கிய முறை இது. என் கணவர் வேலிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, நான் விசில் அடித்ததும் லூரை மேலே வீசுவார். முதல் நாள் கருப்பி பார்த்தாள். இரண்டாம் நாள் பாதி தூரம் போய்த் திரும்பினாள். மூன்றாம் நாள் 930 கிராமுக்கு இறக்கிக் கொண்டுபோனேன், லூர் தரையைத் தொடும் முன்பே பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வேறு எதிலும் அவளுக்கு இரை வைக்கவில்லை.

டிசம்பரில் ஒரு காலை, கருப்பி ஒரு ஆஷ் மரத்தில் உயரத்தில் இருந்தாள். கையிலிருந்து கிளம்பினால் ஹாரிஸ் பருந்து மெதுவாகத்தான் வேகம் எடுக்கும், உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஃபெசன்டை எட்ட முடியும். காய்ந்த பெரணிச் செடிக்குள்ளிருந்து ஒரு பெட்டை எழும்பியது. கருப்பி சாய்வாக இறங்கினாள். ஃபெசன்ட் பயந்து ஓடைப் பள்ளத்து முட்புதருக்குள் விழுந்தது. இவள் அதன் மேலேயே ஒரு கிளையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் உள்ளே நுழைந்து கிளப்பியது, இரண்டாவது எழும்பலில் பிடித்துவிட்டாள். நான் அவசரப்படவில்லை. இறக்கையை விரித்து மூடிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன், அந்த இடத்திலேயே வயிறு புடைக்கத் தின்னவிட்டேன். புது இரையில் முதல் பிடியை அவளிடமிருந்து வாங்கிவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் வீண்.

அணில் டம்மி செய்வாரா என்று பெரியவரிடம் கேட்டிருந்தேன். செய்வதில்லை என்றார், நல்லது. சாம்பல் அணிலின் பல் பருந்தின் விரலையே துண்டிக்கும். அதோடு எங்கள் பக்கம் சட்டம் பாதுகாக்கும் சிவப்பு அணில்கள் இருக்கின்றன. பருந்துக்கு இரண்டும் அணில்தான், அதனால் அந்தப் பக்கமே நாங்கள் போவதில்லை.

ஊரில் இருந்து கேட்டவர்களுக்கு: ஹாரிஸ் பருந்துகள் இங்கே கூண்டில் பிறந்தவை, வளர்க்கத் தடையில்லை. நம் ஊர் வல்லூறையோ பைரியையோ பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள்.

டம்மி முயலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். லூர் வாங்குகிறவர்கள் சேவல் இறக்கைக்குப் பதிலாகப் பெட்டை இறக்கை கேட்டு வாங்குங்கள். முதல் பருவத்தில் பருந்து பெரும்பாலும் பெட்டையைத்தான் பிடிக்கும். வாங்கிய கையோடு இறக்கையின் அடிப்பகுதியை மெழுகு நூலால் ஒருமுறை தைத்துவிடுங்கள்.