ஏற்றம் என்றது அறிக்கை, எந்தப் பாடத்தில் என்று கேட்டார் ஆலோசகர்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்காக இணையம் வழியே நடத்தப்படும் ஓர் ஆலோசனைச் சேவையை, என் மகள் பதினொன்றாம் வகுப்பை முடித்த கோடையில் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினோம். ஒன்பதாம் வகுப்பின் நடுவில் நாங்கள் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்ததால் அந்த ஆண்டு அவளுடைய ஜிபிஏ (பாடங்களில் வாங்கிய கிரேடுகளின் சராசரி; 4.0தான் வழக்கமான உச்சம்) 3.0 ஆக நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பில் 3.5, பதினொன்றில் 3.8. சரிவில் தொடங்கி மேலேறிய இந்தப் பட்டியலை, விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவரைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரிகள் எப்படிப் படிக்கும் என்பதே எங்கள் கேள்வி. கணினி தயாரிக்கும் ஓர் அறிக்கையும் ஆலோசகருடன் 3 அமர்வுகளும் கட்டணத்தில் அடக்கம்.

அறிக்கை எனக்கு ஏமாற்றமே. பார்வைக்கு அழகாக இருந்தது. ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை ஒரு பச்சைக் கோடு ஏறிச் சென்றது. ஒவ்வொரு கல்லூரியிலும் இடம் கிடைக்கும் வாய்ப்பைத் தசமப் புள்ளியோடு அச்சிட்டிருந்தார்கள் (ஜோசியர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் துணியமாட்டார்). ஆனால் மூன்று ஆண்டுகளையும் சமமாகக் கூட்டி, 3.43 என்ற ஒரே சராசரியை எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருத்தியிருந்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அப்படிக் கணக்கிடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை முதல் பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடைவரை படித்த பாடங்களே அதன் ஜிபிஏவில் சேரும். ஒன்பதாம் வகுப்பின் பாடங்களும் கிரேடுகளும் விண்ணப்பத்தில் தெரியும், கணக்கில் வராது. அந்தப் பல்கலைக்கழகம் கிரேடுகளில் வரும் பிளஸ், மைனஸ் குறிகளையும் விட்டுவிடுகிறது என்பதால் இது தோராயக் கணக்குத்தான் என்றாலும், ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளி இல்லாமலே மகளுக்கு 3.65 வருகிறது. இதே எண்கள் தலைகீழாக, 3.8இல் தொடங்கி 3.0க்கு இறங்கிய மாணவருக்கு 3.25தான் வரும். மூன்றாண்டுச் சராசரியோ இருவருக்கும் ஒன்றே. நான் சுட்டிக்காட்டிய ஒரு வாரத்தில் திருத்திய அறிக்கை வந்தது. சுட்டிக்காட்டத் தெரியாத பெற்றோருக்கு அது பழைய எண்ணோடே நின்றிருக்கும்.

கொடுத்த பணத்துக்கு ஈடு செய்தவர் ஆலோசகர். முன்பு ஒரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் படித்தவராம். பச்சைக் கோடு போட்ட அந்த அறிக்கையை அவர் திறக்கவே இல்லை. பாடங்களும் கிரேடுகளும் ஆண்டுவாரியாக இருக்கும் பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டைத் திரையில் வைத்து வரிவரியாக இறங்கினார். பத்தாம் வகுப்பில் வேதியியல் ஆனர்ஸ் (சாதாரணத்தைவிடக் கடினமான நிலை), பி பிளஸ். பதினொன்றில் சாதாரணச் சுற்றுச்சூழல் அறிவியல், ஏ. அங்கே நிறுத்தி, "அறிக்கை இதை ஏற்றம் என்கிறது. படிப்பவர் இதை, கடினமான பாடத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம்" என்றார். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட்டில், சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று காட்டும் அட்டவணையையும் எடுத்துக் காட்டினார். பாடங்களின் கடினத்துக்கு ஒரு வரி, ஜிபிஏவுக்கு ஒரு வரி உண்டு; மதிப்பெண் போக்குக்குத் தனி வரி கிடையாது. அந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பவரின் மனத்தில் உருவாவதுதான் போக்கு என்பது அவர் விளக்கம். பாடம் கடினமாகிக்கொண்டே போகும்போது மதிப்பெண்ணும் ஏறினால்தான் அது ஏற்றமாகத் தெரியும். பள்ளி என்னென்ன பாடங்களை நடத்துகிறது என்ற விவரக்குறிப்பும் விண்ணப்பத்தோடு போவதால், எதைத் தவிர்த்தோம் என்பதை மறைக்கவும் வழியில்லை.

ஒன்பதாம் வகுப்புச் சரிவைப் பள்ளிக் கவுன்சிலர் தம் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லட்டும் என்றார். மகளே எழுதினால் சாக்குப்போக்காகத் தொனிக்கலாம். மேலும் பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் கூடுதல் தகவல் பகுதி 2025-26 முதல் 650 சொற்களிலிருந்து 300 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது, அதை அவள் வேறு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான்காண்டும் ஏ மட்டுமே வாங்கியவர்கள் குவியும் கல்லூரிகளில் ஏற்றம் சரிவை மன்னிக்க உதவுமே தவிர, அவர்களுக்குச் சமமாக நிறுத்தாது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. மகளின் முகம் வாடியது. பட்டியலில் இரண்டு பெயர்களை அவளே அடித்தாள்.

மனிதருடன் பேசும் அமர்வுகளை மட்டும் தனியாக விற்றால் தயங்காமல் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு அறிக்கையையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் ஏபி இயற்பியலை எடுத்திருக்கிறாள். நவம்பர் 1க்குள் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் இடத்துக்கு அந்த மதிப்பெண் பெரும்பாலும் போய்ச் சேராது; மற்ற கல்லூரிகள் பலவற்றுக்குப் பள்ளி அனுப்பும் அரையாண்டு அறிக்கையில் போகும். மூன்றாவது அமர்வை அதற்காக நிறுத்தி வைத்திருக்கிறோம்.