கும்பகோணத்தில் நான்கு மாதம்: ஒரு பெயரும் ஐந்து வேலைகளும்

டொராண்டோவில் விமானம் ஏற்றிவிடும்போது மகன் கையில் ஒரு தாளைக் கொடுத்தான். ஐந்து வேலைகள் எழுதியிருந்தான்: ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று, பாஸ்போர்ட் புதுப்பித்தல், ஊரில் உள்ள மருத்துவக் காப்பீடு, கனடாவுக்கான காப்பீடு, பெற்றோர் பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கக் கனடா தரும் சூப்பர் விசா, அதுவும் புதிதாக. 2025 நவம்பர் முதல் வாரம் கும்பகோணம் வந்தேன். இதை எழுதும்போது மார்ச் பிறந்துவிட்டது. என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பிள்ளையோடு வெளிநாட்டில் இருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதைப் படித்தால் நான் அலைந்த சில அலைச்சலாவது அவர்களுக்கு மிச்சமாகும்.

சிக்கல் முழுவதும் என் பெயரில்தான் இருந்தது. எஸ்எஸ்எல்சி புத்தகத்திலும் பணிப்பதிவேட்டிலும் அப்பாவின் இன்ஷியல். கல்யாணத்துக்குப் பிறகு வந்த ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் வீட்டுக்காரரின் இன்ஷியல். 2016-ல் பாஸ்போர்ட் எடுத்தபோது, இன்ஷியல் எழுதக் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும் என்றார்கள். எந்த இன்ஷியலை விரிப்பது என்று தெரியாமல் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், கட்டத்தையே காலியாக விட்டுவிட்டேன். அரசாங்கத்தின் கண்ணில் நான் மூன்று பேர்.

நம் ஊரில் இது யாருக்கும் உறுத்தாது. வெளியே போனால்தான் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஆனால் அந்த நடுவில் துபாய் வழியாக உறவினர் வீட்டுக்குப் போக நினைத்த நம்மவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்து வருகிறதே, அதுவும் இந்தக் காலிக் கட்டத்தின் விளைவுதான். இந்தப் பயணத்தில் இதைச் சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் சுலபமான வேலை. நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டு வேலை பார்த்தவள். ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கனடாவில் இருந்தால் டொராண்டோ இந்தியத் துணைத் தூதரகம் நவம்பரில் ஊர் ஊராக முகாம் போடும். 2024 நவம்பரில் பாதுகாப்புக் காரணத்தால் அவற்றில் சில ரத்தாகிவிட்டன. அந்த ஆண்டு எனக்குத் தூக்கமே இல்லை. இங்கே தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். 70 ரூபாய். என் கட்டைவிரல் ரேகை நான்கு முறை வைத்தும் விழவில்லை. “மேடம், விரலை விடுங்க, முகத்தை வச்சு எடுத்துடலாம்” என்றார் அந்தப் பையன். ஐந்து நிமிடத்தில் கைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் முதியவர்கள் கைத்தாங்கலாக வந்து வரிசையில் நின்றதை நினைத்துக்கொண்டு அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தது ஆதார். பாஸ்போர்ட்டுக்கு முன்னால் ஆதாரைத் திருத்த வேண்டும். அங்கே பெயர் சரியாக இருந்தால்தான் மற்ற இடங்களில் பேச முடியும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் எழுத்துக் கூட்டலை மகனோடு தொலைபேசியில் மூன்று தடவை சரிபார்த்தேன். அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா என்று அப்போதுதான் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. மகனுடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் அவன் அப்பா பெயர். விசாவுக்கு அழைப்புக் கடிதம் தருபவன் அவன். அவன் சர்நேமும் என் சர்நேமும் ஒன்றாக இருந்தால் நல்லது என்று அவர் பெயரையே போட்டேன். அவர் போய் ஏழு ஆண்டாகிறது.

நவம்பர் கடைசியில் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் நேரம் கிடைத்தது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், இணையத்திலேயே கட்டிவிட்டேன். காலை மழையில் பாபநாசம் வழியாகப் பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். ஏ கவுண்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் கைரேகையும் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். படம் கொண்டுபோகத் தேவையில்லை. பி கவுண்டரில் அமர்ந்திருப்பவர் அரசு அதிகாரி. பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருப்பதையும் புதிய ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கணவரின் இறப்புச் சான்றையும் எடுத்துப் போயிருந்தேன். “சர்நேம்ல வீட்டுக்காரர் பேர் வருது, சரிதானேம்மா? அச்சாகி வந்த பிறகு மாத்தணும்னா திரும்ப முதல்லேர்ந்துதான்” என்று நிதானமாகக் கேட்டார். இவ்வளவு பொறுமையாக ஒரு கவுண்டரில் பேசுவது எத்தனை பெரிய உதவி என்பது கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

கையெழுத்தில்தான் கொஞ்சம் தடுமாறினேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் அப்பாவின் இன்ஷியலோடுதான் கையெழுத்துப் போடுகிறேன். ஓய்வூதியப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான். பெயர் மாறுவதால் கையெழுத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வழக்கமாகப் போடுவதையே போடுங்கள் என்றார்கள்.

பத்து நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். “நீங்க இங்கேயேதான் இருக்கீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. உள்ளதைச் சொன்னேன்: வீடு என்னுடையது, பிள்ளையோடு கனடாவில் இருக்கிறேன், வந்து போகிறேன். விமானச் சீட்டையும் காட்டினேன். பக்கத்து வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டு போனார். இதில் எதையும் மறைக்கத் தேவையில்லை. பாஸ்போர்ட் டிசம்பர் நடுவில் ஸ்பீட் போஸ்டில் வந்தது. அட்டையில் சிப் இருப்பதைக் காட்டும் சின்னத் தங்க நிற அடையாளத்தோடு.

இனி நான் சறுக்கிய இடம். டிசம்பரில் ஒரு கண்ணுக்குப் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். பல ஆண்டுகளாகக் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. கனடாவில் இருந்தபோதும் ஓர் ஆண்டுகூட விடாமல் கட்டினேன். விட்டுவிட்டால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்பதால் புதுப்பிக்கும் தொகையும் குறைந்திருந்தது. ஆனால் அந்த பாலிசி அப்பாவின் இன்ஷியலில் இருந்தது. ஆதாரை மாற்றிய நான் பாலிசியை மறந்துவிட்டேன். மருத்துவமனையில் இரண்டையும் பார்த்த காப்பீட்டு மேசைப் பெண் ரொம்ப நேரம் யாருடனோ பேசினாள். பணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் அனுமதி, வீட்டுக்கு அனுப்ப மூன்று மணி நேரத்தில் முடிவு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-லேயே விதி போட்டிருக்கிறது. எனக்கோ காலை பத்து மணிக்குக் கேட்ட அனுமதி இரவு எட்டுக்குத்தான் வந்தது. கண்ணில் கட்டோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் என்னால் மறக்க முடியாது. காலையிலேயே கைக்காசைக் கட்டி அறுவையை முடித்திருந்ததால் அதற்கப்புறம் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வேறு நடை. ஆதாரில் பெயரைத் திருத்திய அதே வாரம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி, பெயர்த் திருத்தத்துக்கு எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தத்தைப் பதிந்து தரும் ஒப்புதல்) வாங்கிவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கனடா காப்பீடு வேறு கதை. சூப்பர் விசா 2011 டிசம்பரில் வந்த ஏற்பாடு. பெற்றோரும் தாத்தா பாட்டியும் பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கலாம். 2022 ஜூலையிலிருந்து ஒரு முறை நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். ஆனால் விசா பாஸ்போர்ட்டின் காலாவதியைத் தாண்டிப் போகாது. அதனால்தான் என் பாஸ்போர்ட்டும் விசாவும் ஒன்றாக முடிகின்றன. கூடவே ஓர் ஆண்டுக்கு, குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்குத் தனியார் காப்பீடு கட்டாயம். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாண அரசின் மருத்துவத் திட்டம் எங்களைப் போன்ற விருந்தாளிகளுக்குக் கிடையாது. சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, அப்புறம் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இந்த மூன்றும் அதில் அடங்க வேண்டும். மூன்றாவதைப் பற்றி மகன் பேச்சை மாற்றினான். நானே கேட்டேன். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவுதானே என்று. ஆமாம் என்றான். அதை முழுதாகப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு மனசு லேசானது. காவிரிக் கரையில்தான் என்று பிள்ளையிடம் சொல்லியும் வைத்தேன்.

ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் அந்த பாலிசியில் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. புறப்படுவதற்கு முன் இத்தனை நாள் நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று இருக்கும். சிலவற்றில் 90 நாள், சிலவற்றில் 180 நாள். அந்த நாட்களுக்குள் மாத்திரையின் அளவை மாற்றினாலே, பல பாலிசிகளில் குறைத்தால்கூட, நிலை மாறிவிட்டதாகக் கணக்கு. ஜனவரியில் எங்கள் டாக்டர் என் அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். உடம்புக்கு நல்லதைத்தான் அவர் செய்தார், மறுக்க எனக்கு மனமில்லை. தேதியை எழுதி வாங்கிக்கொண்டேன். கண் அறுவையையும் மாத்திரை மாற்றத்தையும் முகவரிடம் சொல்லி, 90 நாள் கணக்குள்ள பாலிசியாகப் பார்த்து, பயணத்தை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளினோம். பிரீமியம் சற்றுக் கூடியது. பரவாயில்லை.

மற்றது விரைவாக நடந்தது. உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய், கனடா அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனை. விண்ணப்பம் இணையத்தில். 2019-ல் கொடுத்த கைரேகை பத்து ஆண்டுக்குச் செல்லும் என்பதால் திரும்பக் கேட்கவில்லை. பழைய பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், புதியதில் இரண்டு பெயர் ஏன் என்று அரைப் பக்க விளக்கமும், இரண்டு பாஸ்போர்ட்டின் நகலும், மகனின் பிறப்புச் சான்றும் இணைத்தோம். பிப்ரவரி கடைசியில் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. போன வாரம் விசா ஒட்டித் திரும்பி வந்துவிட்டது. சர்நேம் இடத்தில் அவர் பெயர், அடுத்து என் பெயர்.

மகனின் தாளில் இல்லாத ஒரு வேலை மட்டும் பாக்கி. வங்கிக் கணக்கு இன்னும் பழைய இன்ஷியலில் இருக்கிறது. ஓய்வூதியம் வந்து விழும் கணக்கு என்பதால் ஒரு மாதம்கூட அது நின்றுவிடக் கூடாது. அடுத்த வாரம் புதிய ஆதாரையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.